கேமரா கேள்வி–பதில்: பிக்சல் ஒன்றுதான், சென்சார் வேறு

இந்த மாதம் வந்த கடிதங்களில் பல, சோனி நிறுவனத்தின் இரண்டு மிர்ரர்லெஸ் (உள்ளே பிரதிபலிக்கும் கண்ணாடி இல்லாத) கேமராக்களை ஒப்பிட்டுக் கேட்டவை. ஒன்று 2018ஆம் ஆண்டு பிப்ரவரியில் அறிவிக்கப்பட்ட ஏ7 மூன்றாம் பதிப்பு. மற்றொன்று 2019 ஜனவரியில் அறிவிக்கப்பட்ட ஏ6400. இரண்டும் இப்போது பழைய கேமராச் சந்தையில் தாராளமாகக் கிடைப்பதால் இந்தக் குழப்பம் எழுவது இயல்பே. எனவே இந்த இதழின் பக்கங்களை அவற்றுக்கே ஒதுக்கியிருக்கிறோம். முன்னதை, எழுத வசதியாக, ஏ7-3 என்றே குறிப்பிடுகிறேன்.

கேள்வி: என்னிடம் ஏ6400 கேமராவும் அதனுடன் வந்த 16-50 மி.மீ. கிட் லென்ஸும் இருக்கின்றன. இரவு முழுவதும் நடக்கும் தெருக்கூத்தைப் படமெடுப்பது என் வழக்கம். ஆட்டக்காரர்களின் முகத்தை நெருக்கமாக எடுக்கும்போது படம் முழுக்க நாய்ஸ் (மணல் தூவியது போன்ற புள்ளிகள்) நிறைந்துவிடுகிறது. நண்பர் ஒருவர் தம்முடைய ஏ7-3 கேமராவை 28-70 கிட் லென்ஸுடன் விற்க முன்வந்திருக்கிறார். இரண்டிலும் 24.2 மெகாபிக்சல்தானே இருக்கிறது, பிறகு படத்தில் என்ன வேறுபாடு வந்துவிடப் போகிறது என்று மற்றொரு நண்பர் கேட்கிறார். எது சரி? (வாசகர், செய்யாறு)

பதில்: இரண்டாவது நண்பர் சொல்லும் எண்ணிக்கை சரி. இரண்டு கேமராக்களும் அகலவாக்கில் 6000, உயரவாக்கில் 4000 என்று ஒரே அளவு பிக்சல்களைக் கொண்ட படத்தையே தருகின்றன. ஆனால் அந்த இரண்டு கோடியே நாற்பது லட்சம் பிக்சல்களும் எவ்வளவு பரப்பில் பரவியிருக்கின்றன என்பதில்தான் வேறுபாடு இருக்கிறது. ஏ7-3 கேமராவில் ஒளியைப் பதிவுசெய்யும் சென்சார் 35.6 மில்லிமீட்டர் அகலமும் 23.8 மில்லிமீட்டர் உயரமும் உடையது. பழைய 35 மி.மீ. ஃபிலிமின் ஒரு சட்டகத்துக்கு ஏறத்தாழச் சமமானது என்பதால் அதை ஃபுல் ஃபிரேம் என்கிறோம். ஏ6400இன் சென்சார் ஏ.பி.எஸ்.-சி வகையைச் சேர்ந்தது; அதன் அளவு 23.5க்கு 15.6 மில்லிமீட்டர். பெருக்கிப் பார்த்தால் முன்னதன் பரப்பு சுமார் 847 சதுர மில்லிமீட்டர், பின்னதன் பரப்பு சுமார் 367. அதாவது பெரிய சென்சார் சிறியதைப் போல 2.3 மடங்கு. ஒரு பிக்சலின் பக்க அளவு ஏ7-3இல் ஏறத்தாழ 5.9 மைக்ரான், ஏ6400இல் 3.9 மைக்ரான் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு).

இந்த 2.3 மடங்கு எப்படிப் படத்தில் தெரிகிறது என்பதை ஓர் எண்ணிக்கையால் விளக்கலாம். ஒளி ஃபோட்டான்களாக வந்து விழுகிறது. அவை சீராக வருவதில்லை, தற்செயலாக வருகின்றன. சராசரியாக எத்தனை ஃபோட்டான்கள் விழுமோ, அந்த எண்ணின் வர்க்கமூலம் அளவுக்கு ஏற்ற இறக்கம் இருக்கும் என்பது இயற்பியல் விதி. கூத்தாடியின் கன்னத்து நிழலிலிருந்து ஏ6400இன் ஒரு பிக்சலுக்கு 1000 ஃபோட்டான்கள் வருகின்றன என்று வைத்துக்கொள்வோம். அப்போது ஏற்ற இறக்கம் ஏறத்தாழ 32, படிமத்துக்கும் நாய்ஸுக்கும் உள்ள விகிதமும் 32. அதே ஷட்டர் வேகம், அதே அபெர்ச்சர் (லென்ஸின் திறப்பு), அதே சட்டகம் என்றால் ஏ7-3இன் ஒரு பிக்சலுக்கு சுமார் 2300 ஃபோட்டான்கள் வரும். ஏற்ற இறக்கம் 48, விகிதமும் 48. நாய்ஸ் என்பது கேமரா செய்யும் குற்றம் என்று நாம் நினைத்துக்கொண்டிருந்தாலும், மங்கிய வெளிச்சத்தில் அதன் பெரும்பகுதி ஒளியின் இந்த இயல்பிலிருந்தே வருகிறது.

புகைப்படக் கலைஞர்களின் கணக்கில் 2.3 மடங்கு ஒளி என்பது 1.2 ஸ்டாப்; ஒளி இரு மடங்காவதை ஒரு ஸ்டாப் என்பார்கள். ஏ6400இல் ஐ.எஸ்.ஓ. 3200இல் கிடைக்கும் தெளிவு, ஏ7-3இல் ஐ.எஸ்.ஓ. 6400க்குச் சற்று மேலேயும் கிடைக்கும் என்று எதிர்பார்க்கலாம். இரண்டு கேமராக்களிலும் ஒரே ஐ.எஸ்.ஓ. எண்ணை வைத்தால் படத்தின் பிரகாசம் ஒன்றாகவே இருக்கும், ஐ.எஸ்.ஓ. என்பது பிரகாசத்துக்கான அளவுகோலேயன்றி, சென்சார் மொத்தமாகத் திரட்டிய ஒளிக்கான அளவுகோல் அன்று. கடையில் நின்றுகொண்டு திரையைப் பார்ப்பவர் ஏமாறுவது இங்கேதான்.

ஆக, வேறுபாடு உண்டு. இருந்தாலும், நண்பர் சொல்லும் விலைக்கு உடனே தலையசைத்துவிட வேண்டாம் என்றே சொல்வேன். காரணம் உங்கள் லென்ஸ். நெருக்கமான முகங்களுக்காக 16-50 லென்ஸை 50க்கு நீட்டும்போது அதன் அபெர்ச்சர் எஃப்/5.6 ஆகச் சுருங்கிவிடுகிறது (எஃப் எண் கூடக்கூடத் திறப்பு சிறிதாகும்). நண்பர் தரும் 28-70 லென்ஸும் 70இல் எஃப்/5.6தான். எனவே அந்தக் கேமராவை வாங்கினால் உங்களுக்குக் கிடைப்பது சென்சாரின் பரப்பு தரும் 1.2 ஸ்டாப் மட்டுமே. மாறாக, இப்போதுள்ள ஏ6400ஐ வைத்துக்கொண்டு, 2021இல் வெளிவந்த சிக்மா 18-50 எஃப்/2.8 போன்ற ஒரு லென்ஸை வாங்கினால், எஃப்/5.6இலிருந்து எஃப்/2.8க்கு இறங்குவதால் முழுமையாக 2 ஸ்டாப் கிடைக்கிறது. எஃப்/1.8 அபெர்ச்சருள்ள 50 மி.மீ. நிலைக்குவிய (ஜூம் இல்லாத) லென்ஸ் ஒன்றைப் பொருத்தினால் 3 ஸ்டாப்புக்கு மேல்.

இதையே வேறு விதமாகவும் சொல்லலாம். இரண்டு சென்சார்களையும் ஒப்பிடும்போது சிறிய சென்சாரில் பொருத்திய லென்ஸின் குவியத்தூரத்தை (மி.மீ. எண்ணை) 1.5ஆல் பெருக்குவது பலருக்கும் தெரியும். அபெர்ச்சர் எண்ணையும் அதே 1.5ஆல் பெருக்கினால்தான் ஒப்பீடு நேர்மையாக அமையும் என்பதை லென்ஸ் விளம்பரங்கள் பெரும்பாலும் சொல்வதில்லை. ஏ6400இல் பொருத்திய எஃப்/2.8 லென்ஸ், திரட்டும் மொத்த ஒளியிலும் குவிய ஆழத்திலும் (முன்னும் பின்னும் தெளிவாகத் தெரியும் தூரத்திலும்), ஏ7-3இல் பொருத்திய எஃப்/4.2 லென்ஸுக்குச் சமம். நண்பரின் கிட் லென்ஸோ நீட்டிய நிலையில் எஃப்/5.6. அதாவது நல்ல லென்ஸ் போட்ட சிறிய சென்சார், கிட் லென்ஸ் போட்ட பெரிய சென்சாரைவிட ஏறக்குறைய முக்கால் ஸ்டாப் கூடுதலாக ஒளியைத் திரட்டுகிறது.

பெரிய சென்சாருக்குப் பெரிய அபெர்ச்சர் லென்ஸையும் சேர்த்து வாங்க உங்களால் முடியுமானால் ஏ7-3 ஐயத்துக்கு இடமின்றி முன்னே நிற்கும். ஆனால் அந்த லென்ஸின் விலையையும் எடையையும் இப்போதே கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். கேமரா உடலே 650 கிராம். உங்களுடையது 403 கிராம். சென்சாரையே அசைத்து நடுக்கத்தைச் சரிசெய்யும் வசதி ஏ7-3இல் இருக்கிறது, 5 ஸ்டாப் வரை உதவும் என்று நிறுவனம் கூறுகிறது; ஆனால் அது உங்கள் கையின் நடுக்கத்தைத்தான் சரிசெய்யும். கிரீடமும் புஜக்கீர்த்தியும் அணிந்து கிறுகிறுவென்று சுற்றி ஆடுகிறவரை அது நிறுத்தி வைக்காது. கூத்துக்கு ஷட்டர் வேகம் 1/250க்குக் குறையக் கூடாது என்பதால், அந்த வசதிக்காக நீங்கள் பணம் கொடுக்கத் தேவையில்லை.

கேள்வி: ஏ7-3 கேமராவின் சென்சார் பின்புறம் ஒளியேற்கும் வகை என்றும், ஏ6400இன் சென்சார் அப்படியன்று என்றும் படித்தேன். இரவுப் படங்களில் ஏ7-3 சிறந்திருப்பதற்கு அதுதான் காரணமா? (வாசகர், நாகர்கோவில்)

பதில்: ஒரு சிறு பகுதிக்கு மட்டுமே அது காரணம். வழக்கமான சீமாஸ் (CMOS) சென்சாரில் ஒளியை மின்னூட்டமாக மாற்றும் பகுதிக்கு மேலே கம்பி இணைப்புகள் ஓடுகின்றன. உள்ளே வரும் ஒளியில் ஒரு பங்கு அவற்றில் தடுக்கப்படுகிறது. பின்புறம் ஒளியேற்கும் வகையில் சிலிக்கானைத் தேய்த்து மெலிதாக்கி, தலைகீழாகத் திருப்பி, கம்பிகளைக் கீழே தள்ளிவிடுகிறார்கள். ஃபுல் ஃபிரேம் கேமராக்களில் இந்த வகைச் சென்சார் 2015இல் சோனி ஏ7ஆர் இரண்டாம் பதிப்பில் முதன்முதலாக வந்தது. கைபேசியில் பிக்சலின் அளவு ஒரு மைக்ரானை ஒட்டி இருப்பதால், கம்பிகள் மறைக்கும் பங்கு மிகப் பெரிது. அங்கே இந்த மாற்றம் இரவையும் பகலையும் போன்ற வேறுபாட்டைத் தந்தது. ஆறு மைக்ரான் பிக்சலில் கம்பிகளுக்கு இடம் தாராளமாக இருக்கிறது. ஒவ்வொரு பிக்சலின் தலையிலும் உள்ள நுண்லென்ஸ் ஒளியைக் கம்பிகளுக்கு இடையே குவித்துவிடவும் செய்கிறது. எனவே இங்கே ஆதாயம் சுமாரானது. பரப்பு தரும் 2.3 மடங்குதான் முதன்மைக் காரணம்.

ஏ7-3இல் இதைவிட நான் மதிக்கும் ஒரு நுட்பம் இருக்கிறது. ஐ.எஸ்.ஓ. 640ஐத் தொட்டவுடன் ஒவ்வொரு பிக்சலும் மின்னூட்டத்தை மின்னழுத்தமாக மாற்றும் விகிதத்தை உயர்த்திக்கொள்கிறது. அதனால் சென்சாரை வாசிக்கும் மின்சுற்று சேர்க்கும் நாய்ஸ் சட்டென்று குறைகிறது. இதன் விளைவாக, ஆழ்ந்த நிழல்களைப் பொறுத்தவரை ஐ.எஸ்.ஓ. 500ஐவிட 640 தூய்மையாக இருக்கும் என்ற வியப்பான நிலை உண்டாகிறது. இந்தக் கேமராவை வைத்திருப்பவர்கள் ரா கோப்பில் (கேமரா மெருகேற்றாத மூலத் தரவாக) எடுக்கும்போது 400க்கும் 500க்கும் பதிலாக 640ஐப் பயன்படுத்திப் பார்க்கலாம். ரா கோப்பு என்று சொன்னதால் இதையும் குறிப்பிடுகிறேன்: ஏ7-3 சுருக்கப்படாத ரா கோப்பைத் தரும், ஏ6400 சுருக்கிய ரா கோப்பை மட்டுமே தரும். கறுத்த வானத்தின் எதிரே விளக்குக் கம்பம் போன்ற கடுமையான எல்லைகளை மிகையாகப் பிரகாசப்படுத்தினால் மட்டுமே அந்தச் சுருக்கத்தின் தடயம் தெரியும். மற்றபடி கவலைப்பட ஏதுமில்லை.

கேள்வி: கூந்தன்குளத்தில் வரித்தலை வாத்துகளையும் மஞ்சள் மூக்கு நாரைகளையும் 200-600 லென்ஸில் எடுக்கிறேன். ஏ6400இலிருந்து ஃபுல் ஃபிரேமுக்கு மாறினால் இறகின் நுணுக்கம் கூடுமா? (வாசகர், நாங்குநேரி)

பதில்: குறையும். மேலே செய்யாற்று வாசகருக்குச் சொன்னதற்கு இது முரணாகத் தோன்றலாம். ஆனால் ஒரே சட்டகத்தை இரண்டு சென்சார்களிலும் நிரப்ப முடியும் என்ற நிபந்தனை அங்கே இருந்தது, இங்கே இல்லை. பறவைக்கு அருகில் செல்ல உங்களுக்கு வழியில்லை. லென்ஸும் 600க்கு மேல் நீளாது. எனவே பறவையின் பிம்பம் இரண்டு சென்சார்களிலும் ஒரே அளவில்தான் விழும். தொலைவில் நிற்கும் நாரையின் பிம்பம் 6 மில்லிமீட்டர் உயரத்துக்கு விழுகிறது என்று கொண்டால், ஏ6400இல் அதன்மேல் ஏறத்தாழ 1530 பிக்சல்கள் அமைகின்றன, ஏ7-3இல் 1010 மட்டுமே. ஏ7-3இன் படத்தை அதே கோணத்துக்கு வெட்டினால் எஞ்சுவது சுமார் 10 மெகாபிக்சல், கேமராவிலேயே ஏ.பி.எஸ்.-சி முறையைத் தேர்ந்தெடுத்தாலும் கிடைப்பது அவ்வளவே.

ஒளியின் கணக்கும் இங்கே மாறுகிறது. லென்ஸ் ஒன்று, தொலைவு ஒன்று, அபெர்ச்சர் ஒன்று என்றால் பறவையிலிருந்து வரும் ஒளியும் ஒன்றே. பெரிய சென்சார் கூடுதலாகத் திரட்டுவது பறவையைச் சுற்றியுள்ள வானத்தையும் நீரையும்தான். வெட்டியெடுத்த பிறகு நாய்ஸிலும் குறிப்பிடத்தக்க ஆதாயம் மிஞ்சாது. பறவை சட்டகத்தை நிரப்பும் அளவுக்கு நெருங்கி உட்காரும் இடங்களில் மட்டும் ஃபுல் ஃபிரேம் தன் பயனைக் காட்டும். கூந்தன்குளத்தில் ஊருக்குள்ளேயே மரங்களில் நாரைகள் கூடு கட்டும் பருவத்தில் அத்தகைய வாய்ப்பு உண்டுதான். குளத்தின் நடுவில் இறங்கும் வாத்துகளுக்கு அது பொருந்தாது. உங்கள் பணத்தைச் செலவிடவேண்டாம்.

கேள்வி: திருமண ஆல்பத்துக்கு 12க்கு 36 அங்குல விரிப்பில் ஒரே படத்தைப் பரப்பி அச்சிட வேண்டியிருக்கிறது. இந்த இரண்டில் எந்தச் சென்சார் அதற்குத் தாங்கும்? (வாசகர், கரூர்)

பதில்: அச்சின் அளவைப் பொறுத்தவரை இரண்டும் சமம். 6000 பிக்சலை 36 அங்குலத்துக்குப் பகிர்ந்தால் அங்குலத்துக்கு 167 வரும். ஆல்பத்தை மடியில் வைத்துப் பார்க்கும் தொலைவுக்கு இது போதுமானதே, ஆனால் தாராளமானதன்று. பட்டுப்புடவையின் சரிகை முதன்மையாகத் தெரியவேண்டிய படத்தை இப்படிப் பரப்பாதீர்கள். ஓரிடத்தில் மட்டும் வேறுபாடு வரும். சிறிய சென்சாரின் 3.9 மைக்ரான் பிக்சல்களுக்கு நிகராக நுணுக்கம் தரவேண்டுமானால், லென்ஸ் ஒரு மில்லிமீட்டருக்குள் சுமார் 127 கோட்டு இணைகளை (ஒரு கறுப்புக் கோடும் ஒரு வெள்ளைக் கோடும் சேர்ந்தது ஓர் இணை) பிரித்துக் காட்ட வேண்டும். பெரிய சென்சாருக்கு 84 போதும். ஆகவே சுமாரான லென்ஸின் குறை ஏ6400இல் விரைவாக வெளிப்படும்.

கேள்வி: கல்யாண மண்டபத்தில் ஓசையற்ற ஷட்டரைப் பயன்படுத்தினால் படத்தின் குறுக்கே கறுப்புப் பட்டைகள் விழுகின்றன. இது சென்சாரின் பழுதா? இரண்டு கேமராக்களில் எதில் இது குறைவு? (வாசகர், மதுரை)

பதில்: பழுதன்று. ஓசையற்ற முறையில் திரைச்சீலை எதுவும் நகர்வதில்லை. சென்சாரின் வரிசைகள் மேலிருந்து கீழாக ஒன்றன்பின் ஒன்றாக வாசிக்கப்படுகின்றன. நம் ஊர் மின்சாரம் நொடிக்கு 50 சுற்று என்பதால், மலிவான எல்.இ.டி. விளக்குகள் நொடிக்கு 100 முறை மங்கி ஒளிர்கின்றன. மேல் வரிசைகள் விளக்கு ஒளிரும்போதும் அடுத்த வரிசைகள் அது மங்கும்போதும் பதிவானால் பட்டை உண்டாகும். முழுச் சென்சாரையும் வாசிக்க 1/20 நொடி ஆகிறது என்று கொண்டால் ஐந்து பட்டைகள் விழும். வாசிப்பு எவ்வளவு மெதுவோ அவ்வளவு பட்டைகள். இந்த இரண்டில் ஏ6400இன் வாசிப்பு மெதுவானது. 4கே வீடியோ எடுக்கும்போது கேமராவைச் சட்டென்று திருப்பினால் மண்டபத்துத் தூண்கள் சாய்ந்து தெரிவதும் அதனால்தான். ஏ7-3 இதில் சற்று மேல். ஆனாலும் பட்டையிலிருந்து முழு விடுதலை அதிலும் இல்லை.

வழி எளிது. ஓசையற்ற முறையை விடமுடியாத இடத்தில் ஷட்டர் வேகத்தை 1/100 அல்லது 1/50க்கு இறக்குங்கள். அப்போது ஒவ்வொரு வரிசையும் விளக்கின் முழுத் துடிப்பையும் பெற்றுவிடுவதால் பட்டை மறைந்துவிடும். தாலி கட்டும் நேரத்தில் நாதஸ்வரமும் தவிலும் கெட்டிமேளத்தில் முழங்கிக்கொண்டிருக்க, உங்கள் ஷட்டரின் ஓசையை யாரும் கேட்கப்போவதில்லை. அங்கே இயந்திர ஷட்டரையே பயன்படுத்தலாம். ஏ7-3இல் விளக்கின் துடிப்பை உணர்ந்து அதன் உச்சத்தில் ஷட்டரைத் திறக்கும் வசதியும் உண்டு. 100 அல்லது 120 ஹெர்ட்ஸ் துடிப்பை மட்டுமே அது கண்டறியும், ஓசையற்ற முறையில் வேலை செய்யாது.

கேள்வி: பழைய ஏ7-3 ஒன்றை வாங்கப் போகிறேன். சென்சார் நல்ல நிலையில் இருக்கிறதா என்று கடையிலேயே அறிவது எப்படி? (வாசகர், தஞ்சாவூர்)

பதில்: அபெர்ச்சரை எஃப்/16க்கு மூடி, வெள்ளைச் சுவர் ஒன்றைக் குவியமில்லாமல் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். மங்கலான சாம்பல் வட்டங்கள் ஒவ்வொரு படத்திலும் அதே இடத்தில் தெரிந்தால் அது தூசு. காற்றூதியால் போகும், அல்லது சேவை நிலையத்தில் துடைத்துத் தருவார்கள். இந்தக் கேமராவில் சென்சார் அசையும் தளத்தின்மேல் அமர்ந்திருப்பதால் நீங்களே அழுத்தித் துடைக்க முயலவேண்டாம். அடுத்து, லென்ஸின் மூடியைப் போட்டபடி 30 நொடி எக்ஸ்போஷர் ஒன்று எடுங்கள். சிவப்பு, நீலம், வெள்ளை நிறங்களில் சில புள்ளிகள் தெரிவது எல்லாச் சென்சாருக்கும் இயல்பு. ரா கோப்பைத் திறக்கும் மென்பொருள்கள் பெரும்பாலும் அவற்றைத் தாமே மறைத்துவிடும்.

கவனிக்க வேண்டியது வேறொன்று. விற்பவர் திருமண வரவேற்புகளிலும் மேடைக் கச்சேரிகளிலும் வேலை செய்தவரா என்று கேட்டுவிடுங்கள். மேடையில் சுழலும் லேசர் விளக்கின் கற்றை நேராக லென்ஸுக்குள் பாய்ந்தால் சென்சாரின் பிக்சல்கள் கருகிவிடும். சில வேளைகளில் ஒரு முழு வரிசையே செயலிழந்து, படத்தின் குறுக்கேயோ நெடுக்கேயோ நிறம் மாறிய மெல்லிய கோடாக நிற்கும். மிர்ரர்லெஸ் கேமராவில், படம் எடுக்காமல் திரையில் பார்த்துக்கொண்டிருக்கும் நேரத்திலும் சென்சார் திறந்தே இருப்பதால் இந்த ஆபத்து கூடுதல். அந்தக் கோடு குறைந்த ஐ.எஸ்.ஓ.வில் ஒளிந்துகொள்ளலாம், ஆகவே ஐ.எஸ்.ஓ. 6400இல் ஒரு படத்தையும் அரை நிமிட வீடியோ ஒன்றையும் எடுத்து, உங்கள் மெமரி கார்டிலேயே கொண்டுபோய்க் கணினித் திரையில் பார்த்த பிறகு முன்பணம் கொடுங்கள். கோடு தெரிந்தால், சென்சாரையே மாற்றுவதைத் தவிர வேறு சீரமைப்பு இல்லை. அதற்கு ஆகும் செலவில் கேமராவின் பழைய விலையில் பெரும்பங்கு போய்விடும் என்பதால், எவ்வளவு தள்ளுபடி சொன்னாலும் அந்தப் பேரத்தை விட்டுவிடுங்கள்.